ஓட்டுப் போடும் ஆர்வம் ரத்தத்திலேயே வருகிறதா? 53 சதவீதம் மரபணு என்கிறார்களே

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்களாம், ஒருவர் ஓட்டுப் போடுவாரா மாட்டாரா என்பதில் 53 சதவீதம் மரபணுவின் வேலை என்று தெரிந்துவிட்டதாம். பேசியவர் அதோடு நிற்கவில்லை, அரசியல் ஆர்வம் என்பதே ரத்தத்தில் ஓடுவது, அதனால்தான் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அரசியலில் இருக்கின்றன என்று முடித்துவிட்டார்.

இது ஏன் என்னை இழுத்தது என்றால் எங்கள் வீடு. அப்பா ஒரு கட்சியில் வார்டு அளவில் வேலை பார்த்தவர். தேர்தல் வந்தால் ரப்பர் பேண்ட் போட்ட பூத் சிலிப் கட்டுகள் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கும், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர் போயிருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பேனாவால் குறிப்பார். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், நானும் தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் கிளம்புவோம். இன்று எனக்குச் சட்டமன்ற விவாதம் நேரலையில் வந்தால் வேலை ஓடாது. தம்பி செய்தி சேனல் வந்தால் மாற்றிவிடுவான். கல்லூரி முடித்த பிறகு அவன் ஓட்டே போடவில்லை.

ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு, ஒரே பேப்பர். மரபணுதான் காரணம் என்றால் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? வளர்ப்புதான் காரணம் என்றாலும் ஒரே மாதிரிதானே இருந்திருக்க வேண்டும்? அந்த 53 எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செம்பருத்தி:

நான் மருத்துவப் புள்ளியியலில் வேலை பார்க்கிறேன், இரட்டையர் தரவுகளோடு பழக்கம் உண்டு. அந்த ஆய்வு உண்மையானதுதான், ஆனால் வீடியோக்காரர் சொன்னதை அது சொல்லவில்லை.

2008-இல் ஜேம்ஸ் ஃபவுலர், லாரா பேக்கர், கிறிஸ்டோபர் டாவ்ஸ் என்ற மூவர் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதி இரட்டையர்களின் பட்டியலை எடுத்து, அதை அந்தப் பகுதி வாக்காளர் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம், ஆனால் எந்தெந்தத் தேர்தலில் போய்ப் போட்டீர்கள் என்பது அரசு ஆவணத்தில் இருக்கும், ஆய்வாளர்கள் வாங்கிப் பார்க்கலாம். இது பெரிய வசதி, ஏனென்றால் "ஓட்டுப் போட்டீர்களா" என்று நேரில் கேட்டால் போடாதவர்களில் கணிசமானோர் போட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

கணக்கின் அடிப்படை எளிமையானது. ஒரு கரு இரட்டையர்களுக்கு மரபணுத் தொகுதி கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரு கரு இரட்டையர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும் மரபணுப் பகுதிகளில் சராசரியாகப் பாதிதான் ஒத்திருக்கும். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். ஒரு கரு ஜோடிகள் ஓட்டுப் போடுவதில் ஒத்துப்போகும் அளவு இரு கரு ஜோடிகளைவிட எவ்வளவு கூடுதலோ, அந்தக் கூடுதலைத் தோராயமாக இரண்டால் பெருக்கினால் மரபணுவின் பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்காட்டுக்கு ஒன்று 0.7, இன்னொன்று 0.5 என்றால் வித்தியாசம் 0.2, மரபணுப் பங்கு 0.4. இப்படிப் போட்ட கணக்கில்தான் லாஸ் ஏஞ்சலஸில் 53 சதவீதம் மரபணு, 35 சதவீதம் இருவருக்கும் பொதுவான வீட்டுச் சூழல், 12 சதவீதம் தனித்தனி அனுபவம் என்று வந்தது. பிறகு நாடு தழுவிய இன்னொரு இளைஞர் தரவில், நன்கொடை கொடுப்பது, அதிகாரிக்கு எழுதுவது, பேரணிக்குப் போவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசையில்தான் விடை.

இனி முக்கியமான இடம். 53 சதவீதம் என்பது உங்கள் ஆர்வத்தில் பாதி மரபணு, மீதி அப்பாவின் பேப்பர் என்பதல்ல. ஒரு தனி ஆளுக்கு இந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், அந்தத் தேர்தல் விதிகளின் கீழ், ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போனது என்பதுதான் அது. இதை ஹெரிட்டபிலிட்டி என்பார்கள். சூழல் மாறினால் அதே மக்களுக்கு அதே எண் வராது.

சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அரசியலில் இருப்பது ரத்தத்தால் என்று வீடியோக்காரர் சொன்னதற்கு இன்னொரு ஆய்வில் விடை இருக்கிறது. 2005-இல் ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் மூவரும் வர்ஜீனியாவில் தொகுக்கப்பட்ட ஒரு பெரிய இரட்டையர் தரவை எடுத்தார்கள். அதில் கேள்வி என்றுகூட இல்லை, 28 சொற்கள் அல்லது தொடர்கள் மட்டும்: மரண தண்டனை, பள்ளியில் பிரார்த்தனை, அணுமின்சாரம், சொத்துவரி, நவீன ஓவியம், சோதிடம் இப்படி. ஒவ்வொன்றுக்கும் சரி, இல்லை, தெரியவில்லை என்று குறிக்க வேண்டும். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் பழமைநாட்டமா இல்லையா என்பதில் மரபணுவின் பங்கு 0.43 அளவுக்கு வந்தது. ஆனால் எந்தக் கட்சி என்று கேட்டபோது மரபணுப் பங்கு 0.14தான், வீட்டுச் சூழலின் பங்கு 0.41. அதாவது கட்சிக் கொடி வீட்டிலிருந்து வருகிறது. அந்தக் கொடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதில்தான் மரபணு கூடுதலாகத் தலைகாட்டுகிறது, இதைப் பின்னால் வேறு ஆய்வுகளும் சொல்லின. குடும்பம் குடும்பமாகப் பதவிக்கு வருவதை ரத்தத்தின் மேல் போட இதில் எந்த ஆதாரமும் இல்லை. பணம், பெயர், தொண்டர் படை, தொகுதி எல்லாம் பிள்ளைக்கு அப்படியே கைமாறும்போது அதை விளக்க மரபணு தேவைப்படாது.

---

நெல்லிமரம்:

செம்பருத்தி அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் இரட்டையர் ஆய்வை இவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பெருக்கல் கணக்கு முழுவதும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு கரு ஜோடிகளும் இரு கரு ஜோடிகளும் ஒரே அளவுக்குச் சூழலைப் பகிர்கிறார்கள் என்பது. நிஜத்தில் அப்படியா? அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இருவருக்கு ஒரே சட்டை, ஒரே நண்பர் கூட்டம், வளர்ந்த பிறகும் அடிக்கடி போன். ஓட்டுப் போடுவதை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூடுதலாகக் கடிக்கும், ஏனென்றால் தேர்தல் நாள் காலையில் "நான் கிளம்பிட்டேன், நீ போட்டாச்சா?" என்று ஒரு போன் வந்தாலே இருவரும் ஒத்துப்போய்விடுவார்கள். அதெல்லாம் மரபணுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஜோடிகள் எவ்வளவு அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தோம், அப்போதும் மரபணுப் பங்கு மறையவில்லை என்று ஆய்வாளர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் 53 என்பதைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இன்னொன்று, இதை யாரும் யூடியூபில் சொல்ல மாட்டார்கள். அதே 2008-இல் அதே ஃபவுலரும் டாவ்ஸும் இரண்டு குறிப்பிட்ட மரபணுக்கள் ஓட்டுப் போடுவதை முன்கூட்டிச் சொல்கின்றன என்று ஒரு கட்டுரை போட்டார்கள். ஒன்று எம்ஏஓஏ, அதாவது மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு, இன்னொன்று அந்த வேதிப்பொருள்களில் ஒன்றான செரடோனினைக் கடத்தும் மரபணு. 2010-இல் டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பி மரபணு ஒன்றும், இளம் வயதில் நிறைய நண்பர்கள் இருப்பதும் சேர்ந்தால் தாராளவாதம் கூடுகிறது என்று இன்னொன்று வந்தது, பத்திரிகைகள் அதைத் "தாராளவாத மரபணு" என்று தலைப்புப் போட்டுக் கொண்டாடின. 2012-இல் சார்னி, இங்கிலிஷ் என்ற இருவர் அந்த 2008 கட்டுரையைப் பிரித்து மேய்ந்தார்கள். குழுக்களைப் பிரித்த விதத்தையும் புள்ளியியலையும் சரிசெய்தால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்றார்கள். கேள்வி அரசியலோடு நிற்கவில்லை. அந்தச் செரடோனின் மரபணுவை மனச்சோர்வோடு இணைத்து வருஷக்கணக்கில் கட்டுரைகள் வந்தன, 2019-இல் லட்சக்கணக்கானோர் தரவை வைத்துப் பார்த்தபோது அதுவும் இல்லை, அதோடு பேசப்பட்ட மற்ற பிரபல மரபணுக்களும் இல்லை என்று ஆனது.

2008-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. நெப்ராஸ்காவில் 46 பேரை உட்கார வைத்துப் பயமுறுத்தும் படங்களைக் காட்டி, திடீர் சத்தம் எழுப்பி, பழமைநாட்டம் உள்ளவர்களின் உடல் கூடுதலாகப் பதறுகிறது என்றார்கள். உலகம் முழுக்கப் பாடத்தில் சொன்னார்கள். 2020-இல் பெரிய மாதிரியோடு திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. 46 பேர்! இவ்வளவு பெரிய முடிவுக்கு அவ்வளவு சின்ன மாதிரி என்பது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம், ஏனென்றால் மறுப்பு வரும்போது முதல் செய்தியைப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேள்விப்படுவதே இல்லை.

---

தாமிரபரணிக்காரன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் குறிப்பிட்ட மரபணு என்று எதுவும் இல்லை, ஆனால் மொத்தமாக மரபணுவுக்குப் பங்கு உண்டு என்கிறீர்கள். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? தம்பி கேள்விக்கும் பதில் வரவில்லையே.

---

செம்பருத்தி:

தம்பி கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் பலரும் தடுமாறும் இடம். மரபணு என்றால் குடும்பத்தை ஒத்திருக்கச் செய்வது என்று மட்டும் நினைக்கிறோம். அண்ணன் தம்பிகளை வேறுபடுத்துவதும் அதேதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது, ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகிறது. உங்கள் தம்பிக்கு வந்த பாதியும் உங்களுக்கு வந்த பாதியும் ஒன்றல்ல. அதோடு வீடு ஒன்றாக இருந்தாலும் அனுபவம் ஒன்றாக இருக்காது. அப்பா தெருவில் அலைந்து வேலை பார்த்த காலத்தில் உங்களுக்கு என்ன வயது, தம்பிக்கு என்ன வயது? கட்சி அப்பாவைக் கைவிட்ட காலம் என்று ஒன்று இருந்தால் அதை யார் அருகிலிருந்து பார்த்தார்?

வயது விஷயத்தில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஹடேமியும் குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. அரசியல் மனப்பாங்கில், வீட்டில் இருக்கும் வயதில் இரட்டையர்கள் எந்த வகையாக இருந்தாலும் ஒரே அளவுக்கு ஒத்திருந்தார்கள், அதாவது மரபணுவின் சுவடு அநேகமாகத் தெரியவில்லை, எல்லாம் வீடு. இருபதைத் தாண்டி வீட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் இரு கரு ஜோடிகள் விலக ஆரம்பித்தார்கள், ஒரு கரு ஜோடிகள் அவ்வளவு விலகவில்லை. நீங்கள் "கல்லூரி முடித்த பிறகு" என்று எழுதியதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று சொல்ல வரவில்லை, ஒரு வீட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

நெல்லிமரம் சொன்ன அனுமானப் பிரச்சினையைத் தாண்டுவதற்கு ஒரு வழி தத்துப் பிள்ளைகள். சுவீடனில் 2014-இல் செசரினி, யோஹன்னெசன், ஆஸ்கார்சன் மூவரும் பார்த்தார்கள். அங்கே பெற்ற பெற்றோர் யார், வளர்த்த பெற்றோர் யார், ஓட்டுப் போட்டார்களா என்பதையெல்லாம் பதிவேடுகளில் இணைத்துப் பார்க்க முடிந்தது. வளர்க்காத, பெற்ற பெற்றோர் ஓட்டுப் போடுகிறவர்களாக இருந்தாலும் பிள்ளை ஓட்டுப் போடும் வாய்ப்பு கூடுகிறது, வளர்த்தவர்கள் போடுகிறவர்களாக இருந்தாலும் கூடுகிறது, இரண்டும் ஏறத்தாழ சமம். இரட்டையர் கணக்கே தேவைப்படாமல் கிடைத்த விடை என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். பெற்றவளின் கர்ப்பகாலமும் பெற்றவர்கள் வழியாக வரும் இந்தப் பங்கில் சேரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி, குறிப்பிட்ட மரபணு இல்லாமல் மொத்தப் பங்கு மட்டும் எப்படி என்ற கேள்வி. உயரம் மாதிரிதான், மரபணுத் தொகுதியில் ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கும் துளித்துளி வித்தியாசங்கள் சேர்ந்து வருவது, எந்த ஒன்றையும் தனியாகப் பிடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் எம்ஏஓஏ மாதிரி ஒற்றை மரபணு வேட்டைகள் தோற்றன. ஹடேமி குழுவின் 2014 கட்டுரை ஒன்றில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: அமெரிக்கா, ஆஸ்திரேலியா, டென்மார்க், சுவீடன், ஹங்கேரி ஐந்து நாடுகளின் இரட்டையர்களில் அரசியல் கொள்கைச் சாய்வில் மரபணுப் பங்கு சுமார் 40 சதவீதம் என்று வந்தது, அதே கட்டுரையில் மரபணுத் தொகுதி முழுவதையும் சல்லடை போட்டதில் நம்பத்தகுந்த அளவில் ஒரு இடம்கூடச் சிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2021-இல் வந்தது, டாவ்ஸ், ஒக்பாய், ஆஸ்கார்சன், ருஸ்டிச்சினி நால்வருடையது. இவர்கள் ஓட்டுக்கான மரபணுவைத் தேடவே இல்லை. எத்தனை ஆண்டு படிக்கிறோம் என்பதோடு தொடர்புள்ள இடங்களை ஏற்கெனவே பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் தரவிலிருந்து கண்டுபிடித்திருந்தார்கள் அல்லவா, அவற்றைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அது ஓட்டுப் போடுவதோடு சேர்ந்து போகிறதா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் மூன்று மாதிரிகள், சுவீடனில் ஒன்று. சேர்ந்து போனது. எங்கே கூடுதலாகச் சேர்ந்து போனது என்பதுதான் சுவாரஸ்யம்: அதிபர் தேர்தலில் அல்ல, அமெரிக்காவில் இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலிலும் சுவீடனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும். கூட்டமும் கோஷமும் இல்லாத, யார் நிற்கிறார்கள் என்று நாமே தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய தேர்தல்கள். ஊரே பேசுகிற தேர்தலில் எல்லோரும் போகிறார்கள். அமைதியாக நடக்கிற தேர்தலில் படிப்பும் தகவலைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் உள்ளவர்கள் மட்டும் போகிறார்கள். அந்தத் தொடர்பில் 41 முதல் 63 சதவீதம் வரை கல்வியும் அறிவுத்திறனும் வழியாகவே போகிறது என்று கணக்கிட்டார்கள். கூடவே, பிள்ளைக்குக் கடத்தப்படாத பெற்றோரின் மரபணுகூட வீட்டுச் சூழல் வழியாக வேலை செய்வதற்கான அறிகுறியும் அந்த அமைதியான தேர்தல்களில் தெரிந்தது. அதாவது அப்பா சத்தமாகப் பேப்பர் வாசிப்பது அவருடைய மரபணுவின் விளைவாகவும் உங்களுடைய சூழலாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

---

அதியமான்கோட்டை:

நான் தருமபுரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் பணிக்குப் போன அனுபவம் நிறைய. அறிவியல் விவரங்களை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சேர்க்கிறேன்.

மலையடிவாரத்து வாக்குச்சாவடிகளில் காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். பாதிப்பேர் கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரல் ரேகை வைப்பார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள் முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஓட்டுப் போட்டு, மறுபடி பஸ் ஏறுவார்கள். ஒரு பாட்டியை இரண்டு பேரன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மை வைத்ததும் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தத் தடவையும் இருக்கேன்னு தெரிஞ்சுக்கட்டும்" என்றார். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் சுமார் 81 சதவீதம் பதிவானது. மத்திய சென்னையில் சுமார் 54.

செம்பருத்தி அவர்கள் சொன்ன அமெரிக்க, சுவீடன் ஆய்வில் படிப்பு கூடினால் ஓட்டுக் கூடுகிறது, அந்த வழியாகத்தான் மரபணுவும் உள்ளே வருகிறது என்கிறார்கள். நம் நாட்டில் அந்த வழி அப்படியே பொருந்துமா? இங்கே படித்தவர்கள் நிறைந்த நகரத்தைவிட ஏழைகளும் கிராமத்தாரும் திரண்டு போடுகிறார்கள் என்பதுதான் பல தேர்தல்களாகப் பேசப்படுவது. ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, சாலை, நூறு நாள் வேலை எல்லாம் ஆட்சியோடு கட்டிக் கிடக்கிறவருக்கு ஓட்டு என்பது கையில் இருக்கும் ஒரே பிடி. அவர்கள் போவதற்குக் காரணம் வேறு என்றால் அங்கே மரபணு நுழையும் வாசலும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

விதி மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1922 தேர்தலில் 60 சதவீதம்கூட எட்டவில்லை. 1924-இல் வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள். 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. மூன்றே ஆண்டில் அந்த மக்களின் மரபணுவா மாறிவிட்டது? அமெரிக்காவிலேயே 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது, அதில் அந்த வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் முந்தைய தேர்தல்களில் ஓட்டுப் போட்டார்களா இல்லையா என்று பெயரோடு இருந்தது, தேர்தலுக்குப் பிறகு புதுப் பட்டியல் அனுப்புவோம் என்றும் இருந்தது. கடிதம் போகாத வீடுகளில் 29.7 சதவீதம், போன வீடுகளில் 37.8. ஒரு காகிதத்துக்கு இத்தனை பலம். எங்கள் பக்கம் அந்தக் காகிதம் தேவையே இல்லை, மதியம் ஒரு மணிக்கு உங்கள் விரலில் மை இல்லை என்றால் டீக்கடையில் கேட்டுவிடுவார்கள்.

தாமிரபரணிக்காரன் தம்பி எந்த ஊரில் இருக்கிறார்? வெளியூர் போனவர்களில் பலருக்குப் பெயர் பழைய வீட்டு முகவரியிலேயே கிடக்கிறது. அப்படி இருந்தால் படிவம் 8 கொடுத்து இப்போது இருக்கும் முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆர்வம் இல்லை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இந்த அலைச்சலாகவும் இருக்கும்.

---

இளவேனில்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நான் வளர்ந்த ஊரில் "இவங்களுக்கெல்லாம் பிறப்பிலேயே ஆளுற குணம், அவங்களுக்குப் பிறப்பிலேயே கும்பிடுற குணம்" என்று சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனபோது "இவங்களுக்கு நிர்வாகம் ரத்தத்துல கிடையாது" என்று என் காதுபடவே சொன்னார்கள். இப்போது "விஞ்ஞானமே சொல்லிருச்சு, 53 சதவீதம்" என்று இந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அறிவியலில் ஆர்வம் இருக்கிறது என்பதற்காக நாம் இதைச் சும்மா பேசிவிட்டுப் போக முடியாது. செம்பருத்தி அக்கா, ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் இடையே இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா முடியாதா? நேராகச் சொல்லுங்கள்.

---

செம்பருத்தி:

முடியாது, இளவேனில்.

ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை விதை நெல் எடுத்து, ஒன்றை வண்டல் மண்ணில், இன்னொன்றைக் களர் நிலத்தில் விதைத்தால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் உயர வித்தியாசம் முழுக்க விதையால் வந்ததாக இருக்கலாம், ஏனென்றால் அந்த வயலுக்குள் மண்ணும் தண்ணீரும் எல்லாப் பயிருக்கும் ஒன்று. ஆனால் இரண்டு வயலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வாதத்தை வைத்துவிட்டார். ஹெரிட்டபிலிட்டி என்பது ஒரு வயலுக்குள் போடும் கணக்கு. லாஸ் ஏஞ்சலஸ் எண் அந்த இரட்டையர்களுக்குள் போட்ட கணக்கு. அதை எடுத்து இரண்டு சமூகங்களுக்கு நடுவில் வைப்பதற்குக் கணிதத்திலேயே இடம் இல்லை.

படிப்போடு தொடர்புள்ள இடங்களைக் கூட்டிப் போட்ட அந்த மரபணு மதிப்பெண்ணிலேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 2018-இல் அது வெளியானபோது ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் படித்த ஆண்டுகளின் வித்தியாசத்தில் 11 முதல் 13 சதவீதம் வரை விளக்கியது. அதே மதிப்பெண்ணை ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்குப் போட்டபோது 1.6 சதவீதம்தான். மதிப்பெண் உருவாக்கப்பட்டதே ஐரோப்பிய வம்சாவளியினர் தரவிலிருந்து, அந்தக் கூட்டத்தின் மரபணு அமைப்பையும் அந்தக் கூட்டத்தின் பள்ளிக்கூடங்களையும் வாழ்க்கையையும் சேர்த்தே அது அளந்திருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டால் ஐரோப்பியர்களிடமே அதன் பலம் பாதியளவுக்குக் குறைகிறது. அப்படிப்பட்ட ஒன்றைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் கொண்டுவந்து யாரையும் அளக்க முடியாது.

பஞ்சாயத்துத் தலைவர் விஷயத்தில் நீங்கள் கேட்ட பேச்சுக்கு மரபணு வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லை. நாற்காலி கொடுக்காமல் தரையில் உட்கார வைத்தது, கொடியேற்ற விடாமல் தடுத்தது, கோப்பைக் கண்ணில் காட்டாமல் கையெழுத்து மட்டும் வாங்கியது எல்லாம் தமிழ்நாட்டில் செய்தியாக வந்தவை. அப்படி நடத்திவிட்டு நிர்வாகம் வரவில்லை என்றால், களர் நிலத்தில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வதுதான்.

அதியமான்கோட்டை ஐயா கேட்ட "வாசல்" கேள்விக்கும் இதே இடத்தில் பதில் சொல்கிறேன், அது மிகச் சரியான கேள்வி. சுவீடன் இரட்டையர்களை வைத்து 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் அறிவுத்திறன், "என் வாழ்க்கை என் கையில்" என்ற உணர்வு, கலகலப்பாகப் பழகும் சுபாவம் ஆகியவை மரபணுவுக்கும் அரசியல் பங்கேற்புக்கும் நடுவில் நிற்பதாகக் கண்டார்கள். இந்தக் குணங்கள் எந்த ஊரிலும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எந்தக் குணம் ஓட்டுச்சாவடிக்குக் கொண்டு போகிறது என்பதை அந்த ஊர்தான் முடிவு செய்கிறது. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்ற ஊரில் எந்தக் குணமும் பெரிய வித்தியாசத்தைக் காட்டாது. தானே தேடிப் பதிவு செய்து, வேலை நாளில் விடுப்பு எடுத்துப் போக வேண்டிய ஊரில் விடாமுயற்சி உள்ளவர் மட்டும் போவார், அங்கே மரபணுப் பங்கு பெரிதாகத் தெரியும். உங்கள் மலையடிவாரத்தில் ஊரே சேர்ந்து கிளம்பும்போது கூச்ச சுபாவக்காரரும் கிளம்பிவிடுகிறார். அதே ஆள் சென்னை அடுக்குமாடியில் தனியாக இருந்தால் கிளம்பியிருப்பாரா என்பது சந்தேகம்.

இளவேனில், யாராவது அந்த 53-ஐ உங்கள் முன்னால் வைத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த இரண்டு பேருக்கு இடையே அளந்த வித்தியாசம் அது? லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த ஜோடிகளை வைத்து அளந்தது.